வரி டீச்சர்

அந்த மாலைப் பள்ளிக்குப் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் டீச்சரைவிட வயதில் மூத்தவர்கள். பகலில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில்தான் அவர்களும் உட்கார வேண்டும். கால் நீளமானவர்களுக்கு முட்டி இடிக்கும். உடம்பு பெரியவர்கள் பக்கவாட்டில் திரும்பி ஒரு காலை வெளியே நீட்டிக்கொள்வார்கள். சுவரெல்லாம் யானையும் ஒட்டகச்சிவிங்கியும். கரும்பலகையில் பகல் வகுப்பு ஆசிரியை எழுதிவைத்துப் போன கணக்குகளைச் சுற்றிக் கோடு போட்டு ‘அழிக்காதீர்கள்’ என்று எழுதியிருக்கும். மிச்சமிருக்கும் மூலைதான் டீச்சருக்கு.

வருகிறவர்கள் எல்லாருக்கும் வேலை உண்டு. எப்போதோ பள்ளியைப் பாதியில் விட்டவர்கள். மற்றப் பாடங்களைத் தட்டுத்தடுமாறித் தாண்டிவிட்டு மொழிப் பாடத்தில் மாட்டிக்கொண்டவர்கள். முன் பெஞ்சில், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் ஓர் அம்மாள். எல்லாருக்கும் அவர் வார்டு அக்கா. சான்றிதழ் முழுசாகிவிட்டால் வரவேற்பு மேசைக்கு மாற்றிக்கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆட்களைத் தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டிருந்த அவருக்கு அந்த நாற்காலி பெரிய விஷயம். அவர் பக்கத்தில் தையல் கடை நடத்தும் தையல்காரம்மா. கடைசி பெஞ்சில் பஸ் கண்டக்டர். “வாசல் பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு மூச்சு விட வரும், டீச்சர்” என்று முதல் நாளே சொல்லி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

டீச்சர் அந்தப் பள்ளிக்குப் புதுசு. முதல் பாடமாகச் சிறுகதையை எடுத்தாள். தலைப்பை எழுதி முடிப்பதற்குள் பின்னாலிருந்து கோரஸாகக் குரல் வந்தது.

“எண்ணெய் என்பது தந்தையின் அன்பின் குறியீடு. துரு என்பது காலத்தின் குறியீடு. கேட் என்பது இரு தலைமுறைகளுக்கு இடையே உள்ள தடையின் குறியீடு.”

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். எல்லார் முகத்திலும், வேலையை முடித்துவிட்ட நிம்மதி.

“கதையை யாரெல்லாம் படிச்சிருக்கீங்க?” என்று கேட்டாள்.

ஒருவரும் கை தூக்கவில்லை. தையல்காரம்மாதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். “கதை எதுக்கு டீச்சர்? அதான் நோட்ஸ்ல விடை இருக்கே.”

கதை சின்னதுதான். மனைவியை இழந்த ஒரு தகப்பன். ஒரே மகள். அவள் வேலைக்காக வேறு ஊருக்குப் புறப்படுகிற காலை. தகப்பன் விடிவதற்கு முன்பே எழுந்து எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு வீட்டில் கிறீச்சிடும் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டுக்கொண்டு வருகிறார். அறைக் கதவு, அலமாரி, ஜன்னல் கீல். நடுவில் மகளோடு பேச்சு. துண்டு எடுத்துக்கொண்டாயா, சார்ஜர் எங்கே, இப்படி. கடைசியில் வாசலில் இருக்கும் இரும்புக் கேட்டுக்கு வருகிறார். கொஞ்ச நேரம் நிற்கிறார். கேனை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுகிறார். மகள் பெட்டியை இழுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டைத் திறக்கிறாள். அது கிறீச்சிடுகிறது. கதை முடிந்தது.

“கேட்டுக்கு மட்டும் ஏன் எண்ணெய் போடலை?” என்று டீச்சர் கேட்டாள்.

“மனக்குழப்பத்தில் தந்தை மறந்துவிடுகிறார்” என்றார் கண்டக்டர், நோட்ஸ் நடையிலேயே.

“மறந்துட்டார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“போன வருஷம் இருந்த சார் சொன்னார்.”

“அவருக்கு எப்படித் தெரியும்?”

கண்டக்டர் யோசித்தார். “அவருக்கும் யாராவது சொல்லியிருப்பாங்க டீச்சர்” என்றார். வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தாள். ஆனால் அன்றைக்கே அவள் மனசுக்குள் ஒரு முடிவு எடுத்துவிட்டாள். இந்த வகுப்பில் நோட்ஸ் கிடையாது.

அவளுடைய பிடிவாதத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. அவள் வளர்ந்த வீட்டில் யாரும் எதையும் நேராகச் சொன்னதில்லை. அப்பாவும் அம்மாவும் மனஸ்தாபம் வந்தால் நாள்கணக்கில் பேசிக்கொள்ள மாட்டார்கள். இடையில் தூது போவது இவள்தான். “உங்கப்பாகிட்ட சொல்லு, குழாய் சொட்டுதுன்னு” என்பாள் அம்மா. குழாய் சொட்டுவது உண்மைதான். ஆனால் அது ஒரு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஏன் சொல்கிறாள் என்பதுதான் சங்கதி. இவள் போய்ச் சொன்னால், “சொட்டினா வாளியை வைக்கச் சொல்லு” என்பார் அப்பா. அதற்கு, நான் இன்னும் இறங்கி வரத் தயாராக இல்லை என்று அர்த்தம். ஒருநாள் இவள் தாங்க முடியாமல் அப்பாவிடம் போய் “அம்மா உங்களைக் கூப்பிடறாங்க” என்றும், அம்மாவிடம் போய் “அப்பா கூப்பிடறார்” என்றும் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் கூடத்துக்கு வந்து, மற்றவர் வாயைத் திறக்கட்டும் என்று நின்றார்கள். அப்புறம் அப்பா குழாயைக் கழற்ற உட்கார்ந்தார். அம்மா விளக்கைப் பிடித்துக்கொண்டாள்.

சொல்லுக்கு அடியில் இன்னொரு சொல் ஓடும் என்பது அவளுக்குப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்த சங்கதி அல்ல. அதனால்தான் ‘எண்ணெய் என்பது அன்பு’ என்று யாரோ பொட்டலம் கட்டிக் கொடுத்ததைக் கேட்டால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

ஒரு வாரம் வகுப்பு பொறுத்துக்கொண்டது. பிறகு முதல்வரிடம் புகார் போனது. முதல்வர் கெட்ட மனிதர் இல்லை. பகலெல்லாம் ஒரு பள்ளி, மாலையில் இன்னொரு பள்ளி என்று இரண்டையும் இழுத்துக்கொண்டு போகிறவர். அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“ஏம்மா, இவங்கல்லாம் பகல் பூரா உழைச்சிட்டு வர்றவங்க. இவங்களைப் போய் ஆராய்ச்சி பண்ணச் சொல்றீங்களே?”

“ஆராய்ச்சி இல்லை சார். கதையைப் படிக்கச் சொல்றேன்.”

“நோட்ஸை எழுதினா மார்க்கு நிச்சயம். சொந்தமா எழுதினா திருத்துறவர் என்ன நினைப்பாரோ. யார் பொறுப்பு?”

“கதையில இருக்கிற வரியைக் காட்டி எழுதினா யாரும் தப்புன்னு சொல்ல முடியாது சார்.”

“சொல்லுவாங்கம்மா” என்றார் முதல்வர், அலுப்போடு. “நீங்க சின்னவங்க. சொல்லுவாங்க.”

தேர்வு முடிவு வரைக்கும் அவள் போக்கில் விடுகிறேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடித்துவைத்தார். அது சம்மதமா எச்சரிக்கையா என்று யோசித்துக்கொண்டே அவள் வகுப்புக்குப் போனாள். இரண்டும்தான் என்று படிக்கட்டு ஏறி முடிப்பதற்குள் தெரிந்துவிட்டது.

அன்றைக்குக் கதையைத் தொடவே இல்லை. “நாளைக்கு வரும்போது ஆளுக்கு ஒரு வாக்கியம் கொண்டு வாங்க. உங்க வேலையில காதால கேட்டது. சொன்னது ஒண்ணு, மனசுல இருந்தது வேறன்னு உங்களுக்குத் தோணணும். அவ்வளவுதான்” என்றாள்.

மறுநாள் முதலில் வாயைத் திறந்தவர் தையல்காரம்மா. “ரொம்ப நாளா தைக்க வர்ற ஒரு பொண்ணு. எப்பவும் சிக்குனு இருக்கணும்னு உயிரை எடுப்பா. நேத்து வந்து, ‘கொஞ்சம் லூசா தைங்கக்கா, வெயில் தாங்கலை’ன்னா. வெயில் எங்க அடிக்குது? மழை பெஞ்சிட்டிருக்கு.” பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு பரவியது. “நான் ஒண்ணும் கேக்கலை. ரெண்டு பக்கமும் பிரிச்சு விடற மாதிரி துணி விட்டுத் தைச்சிட்டேன். அவளே சொல்லும்போது சொல்லட்டும்.”

கண்டக்டர் எழுந்தார். “ஒரு பெரியவர் ‘இந்த பஸ் மார்க்கெட் போகுமா’ன்னு கேட்டார். போகும்னேன். ரெண்டு ஸ்டாப் தாண்டி மறுபடியும் கேட்டார். போகும்னேன். மூணாவது தடவை எனக்குக் கோவம் வந்துருச்சு. அப்புறம்தான் பாத்தேன், அவர் கம்பியை ரெண்டு கையாலயும் புடிச்சிட்டிருந்தார். பஸ் போகுமான்னு கேக்கலை. நான் எறங்க வேண்டிய எடத்துல என்னை எறக்கி விடுவியான்னு கேக்கறார்.”

வார்டு அக்கா உட்கார்ந்தபடியே மெல்லச் சொன்னார். “எங்க வார்டுல தினம் கேக்கறதுதான். ‘டாக்டர் எப்ப வருவார்?’ வர்ற நேரம் சுவத்துலயே எழுதியிருக்கு. அதைப் பாத்துக்கிட்டேதான் கேப்பாங்க.”

அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று யாரும் விளக்கச் சொல்லவில்லை.

“அதுக்கு நீங்க என்ன சொல்வீங்க, அக்கா?” என்றாள் டீச்சர்.

“வந்துருவார்னுதான். ஆனா பக்கத்துல உக்காந்துட்டுச் சொல்வேன்.”

டீச்சர் கரும்பலகையில் தன் மூலைக்குத் திரும்பி, கண் சரியாகும்வரை எதையோ அழித்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். “இப்ப கதையைப் படிங்க. அந்த அப்பாவையும் இதே மாதிரி கேளுங்க.”

திறந்துவிட்டதுதான் தாமதம், வெள்ளம் வந்துவிட்டது. அதுவரை எதிலும் எதுவும் இல்லை என்றவர்களுக்கு இப்போது எல்லாவற்றிலும் எல்லாமும் இருந்தது. ஜன்னல் பிறப்பு, அலமாரி இறப்பு என்றார் ஒருவர். மொபைல் சார்ஜர் தொப்புள்கொடி என்றார் இன்னொருவர். கண்டக்டருக்கு ஆவேசமே வந்துவிட்டது.

“அப்பா நீலச் சட்டை போட்டிருக்கார், டீச்சர். நீலம்னா வானம். வானம்னா விடுதலை. மகளுக்கு விடுதலை குடுக்கறார்.”

“வரி எங்கே?” என்றாள் டீச்சர்.

“இந்தா இருக்கே. ‘நீலச் சட்டையின் நுனியில் கையைத் துடைத்தார்.’”

“அது நீலம்ங்கறதுக்கு வரி. வானம்ங்கறதுக்கு வரி எங்கே?”

கண்டக்டர் பக்கத்தைப் புரட்டினார். முன்னும் பின்னும் தேடினார். “வானத்துக்கு வரி இல்லை” என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அவள் வாயில் அந்தக் கேள்விதான். யார் எதைச் சொன்னாலும், நல்லா இருக்கு, வரி எங்கே? ஒரு வரி போதாது, இன்னொரு வரி அதுக்குத் துணை நிக்குமா பாருங்க. எதிரா நிக்குற வரி ஏதாவது இருக்கா, அதையும் பாருங்க. வசூல் பண்ணியே தீருவேன் என்று நிற்கிற அதிகாரி மாதிரி அவள் நிற்பதைப் பார்த்து, கண்டக்டர்தான் ‘வரி டீச்சர்’ என்று பெயர் வைத்தார். பேர் அவள் காதுக்கு வந்தபோது அவள் வருத்தப்படவில்லை. பாக்கி வைத்திருப்பவர்கள் நாளைக்குள் கட்டிவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் அவளுக்கு இன்னொரு எதிர்க்கட்சி இருந்தது. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் மேலே போகும் அல்லது கீழே வரும். மூன்றாவதாக ஒன்று இருந்தால் அது பழுது. மனிதரும் அப்படித்தான். பசித்தால் பசிக்கிறது என்பார், கோபம் வந்தால் கோபமாக இருக்கிறேன் என்பார். கல்யாணமான புதிதில் இவள் ‘எனக்கு ஒண்ணும் இல்லை’ என்றால் சரி என்று தூங்கப் போய்விடுவார். அதற்காக அவள் அழுததுண்டு. பிறகு அதிலேயே ஒரு நிம்மதி இருப்பதும் தெரிந்தது.

அவரிடம் கதையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்தார். “கேட்டுக்குப் போட மறந்துட்டார்” என்றார்.

“மறக்கலைங்க. கேட்டுக்கு முன்னாடி நிக்கறார் இல்லை?”

“அப்ப எண்ணெய் தீந்திருக்கும்.”

இவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினாள். ஆனால் வாயடைக்க ஒரு வரி வேண்டுமே. தேடினாள். இருந்தது. கேனை மூடும்போது ‘உள்ளே எண்ணெய் தளும்பியது’ என்று இருந்தது. இத்தனை முறை படித்தும் அவள் கண்ணில் படாத வார்த்தை.

“அப்ப தீரலை” என்றார் அவர், தோற்றுப்போன வருத்தம் கொஞ்சமும் இல்லாமல். “சரி, வேணும்னேதான் விட்டிருக்கார்.”

மறுநாள் அதையே வகுப்பில் வைத்தாள். என் வீட்டுக்காரர் எண்ணெய் தீந்துபோச்சுங்கறார், பதில் சொல்லுங்க. வகுப்பு புத்தகத்தின் மேல் விழுந்து தேடியது. அதற்கப்புறம் அது வழக்கமாகிவிட்டது. “இன்னிக்கு உங்க வீட்டுக்கார சாருக்கு என்ன சந்தேகம், டீச்சர்?” என்று கேட்டுக்கொண்டேதான் கண்டக்டர் உள்ளே நுழைவார். ஒரு சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்த மனுஷனை வாசலிலேயே மடக்கி, தையல்காரம்மாவும் மற்றவர்களும் வரி வரியாகக் காட்டி ஒத்துக்கொள்ள வைத்துவிட்டுத்தான் விட்டார்கள். “இவங்க எல்லாரும் உன்னை மாதிரியே ஆயிட்டாங்க” என்றார் அவர், வண்டியை எடுக்கும்போது.

தேர்வு வந்தது. போனது. முடிவும் வந்தது.

தையல்காரம்மா தேறியிருந்தார். கண்டக்டர் நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருந்தார். வார்டு அக்கா தேறவில்லை. ஒரே ஒரு கேள்வியின் மதிப்பெண்ணில் போயிருந்தது. விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்தார்கள். கேட்டைப் பற்றிய கேள்விக்கு அக்கா ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். குறுக்கே சிவப்புக் கோடு. மதிப்பெண் பூஜ்யம்.

கண்டக்டர் வகுப்புக்கு வந்து வாசலிலேயே நின்றார். “டீச்சர், நான் நோட்ஸ்ல இருந்ததைத்தான் எழுதினேன். பேனா எடுத்ததும் பயம் வந்துருச்சு” என்றார்.

“தேறிட்டீங்க இல்லை? அதுதான் வேணும்” என்றாள் அவள். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள்.

அன்று வீட்டில், மறுமதிப்பீட்டுக்குப் போகப் போகிறேன், விடப்போவதில்லை என்று அவள் கொதித்தபோது கணவன் நேராக ஒரு கேள்வி கேட்டார். “இது அந்த அக்காவுக்கா, உனக்கா?”

முதல்வர் அன்றைக்கே எச்சரித்தார். அக்கா இவளை நம்பித்தான் சொந்தமாக எழுதினார். போன நாற்காலி இவளுடையது அல்ல.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கே போனாள். அக்கா போர்வைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா, என்னாலதான் இப்படி ஆச்சு. மறுமதிப்பீடு கேக்கலாம். வேணாம்னா அடுத்த தடவைக்கு நோட்ஸையே சொல்லித் தர்றேன். உங்களுக்கு எது வேணுமோ அது.”

அக்கா போர்வையின் மறுநுனியை நீட்டினார். டீச்சர் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் மடித்தார்கள்.

“நான் எழுதினது தப்புன்னா தப்புன்னு சொல்லட்டும், டீச்சர். ஒத்துக்கறேன். ஆனா படிக்காமயே கோடு போட்டிருக்காங்க. பாருங்க, கோடு முதல் வரியிலேயே ஆரம்பிக்குது.” அடுத்த போர்வையை எடுத்தார். “போலாம்.”

தேர்வு அலுவலகம் ஒரு பழைய கட்டடம். கீழே விசாரித்தால் மேலே என்றார்கள். மேலே போனால் மதிய இடைவேளைக்கு அப்புறம் கீழே வரச் சொன்னார்கள். கடைசியில் ஒரு குமாஸ்தா, இந்தப் பாடத்துக்கு மறுகூட்டல் மட்டும்தான், மறுமதிப்பீடு கிடையாது என்றார்.

“விதியில எந்த வரி சார்?” என்றாள் டீச்சர்.

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். இப்படி யாரும் அவரைக் கேட்டதில்லை போல. விதிப் புத்தகத்தை எடுத்தார், புரட்டினார். பிறகு அவள் பக்கமே திருப்பி வைத்தார். பள்ளி முதல்வர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால், எழுதியவரை நேரில் அழைத்து விசாரிக்கலாம் என்று அதில் தெளிவாக இருந்தது. “இதை யாரும் கேட்டு வந்ததில்லைம்மா” என்றார், கொஞ்சம் ஆச்சரியத்தோடு.

முதல்வர் கையெழுத்துப் போட முதலில் மறுத்தார். பள்ளியின் பேர் கெடும், அடுத்த வருஷம் நம் தாள் எல்லாம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு திருத்துவார்கள் என்றார். அவள் அக்காவின் விடைத்தாளை அவர் முன்னால் வைத்துவிட்டு, படித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “நான் அந்த நோட்ஸைப் பல வருஷம் சொல்லிக் குடுத்திருக்கேன்” என்றார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

விசாரணை நாளன்று, தலைமைத் தேர்வாளர் என்று ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை. மேசை முழுக்க விடைத்தாள் கட்டுகள். ஆறிப்போன தேநீர். டீச்சர் பேச வாயைத் திறந்ததும் கையை உயர்த்தினார்.

“நீங்க பேசக் கூடாதும்மா. எழுதினவங்கதான் பேசணும். நீங்க இருக்கலாம், அவ்வளவுதான்.”

இத்தனை அலைச்சலுக்கும் சேர்த்து அவள் மனசுக்குள் ஒரு பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தாள். அதை அப்படியே விழுங்கிவிட்டுச் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த மாதத்தில் அவள் செய்த காரியங்களிலேயே கஷ்டமானது அதுதான்.

“சொல்லுங்கம்மா” என்றார் தேர்வாளர். “அப்பா மறந்துட்டார்னுதான் விடைக்குறிப்புல இருக்கு. நீங்க வேணும்னே விட்டார்னு எழுதியிருக்கீங்க.”

வார்டு அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். “மறந்து போறவர் கேட்டுகிட்ட வரமாட்டார்ங்க. இவர் வர்றார், நிக்கறார், அப்புறம்தான் கேனை மூடறார். வரி இருக்கு.”

“எண்ணெய் தீந்திருக்கலாமே?”

அக்கா திரும்பி டீச்சரைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. “அதை ஏற்கனவே ஒரு சார் கேட்டுட்டார்ங்க. தளும்புதுன்னு இருக்கு.”

தேர்வாளர் பக்கத்தைப் பார்த்தார். பென்சிலால் ஒரு கோடு போட்டார். “சரி, வேணும்னே விட்டார். எதுக்கு?”

“அந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்துல படிக்கும்போது, கேட் சத்தம் கேட்டா அப்பா திரும்பிப் பாக்காமயே பாலை அடுப்புல வைப்பார்னு முன்னாடி வருதுங்க. அந்தச் சத்தம்தான் அவருக்கு, பொண்ணு வந்துட்டான்னு சொல்றது. அதை எப்படி எடுத்துருவார்? உள்ள இருக்கற கதவு சத்தம் வேண்டாம், அவ இல்லாத வீட்டுல அது தொந்தரவு. வாசல் சத்தம் மட்டும் வேணும்.” நிறுத்தினார். “போகாதேன்னு சொல்லலை. திரும்பி வான்னும் சொல்லலை. கேனை மூடிட்டார்.”

தேர்வாளர் பென்சிலால் இன்னொரு கோடு போட்டார். பிறகு அடுத்த பத்தியைத் தொட்டார். “இங்க, மகளுக்கும் இது தெரியும்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு வரி?”

“மெதுவாகக் கேட்டைத் திறந்தாள்னு இருக்குங்க. வேணும்னுதான் மெதுவாத் திறக்கறா. சத்தம் நீளமா அப்பாவுக்குக் கேக்கட்டும்னு.”

“கையில பெட்டி இருக்கே? ‘பெட்டியை இழுத்துக்கொண்டு’ன்னும் இருக்கு. பெட்டியை இழுத்துட்டு வர்றவ மெதுவாத்தானே திறக்க முடியும்?”

அக்கா வரியைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். டீச்சர் தன் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமாங்க” என்றார் அக்கா. “அது என் ஆசை. வரி இல்லை.”

தேர்வாளர் முதன்முறையாகச் சிரித்தார். அக்கா எழுதியிருந்த மூன்று கருத்துகளில் இரண்டுக்கு மதிப்பெண் போட்டு, கையெழுத்திட்டு, தேதி எழுதினார். அக்கா தேறிவிட அது போதும். எழுந்தபோது தேர்வாளர் டீச்சரிடம் சொன்னார்: “ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை தாள் திருத்தறோம்னு உங்களுக்குத் தெரியாதும்மா. குறிப்புல இல்லாததைப் பாத்தா கை தானா கோடு போடுது. குறிப்பு எழுதற கூட்டத்துக்கு அடுத்த தடவை நீங்களும் வாங்க. அங்க வந்து பேசுங்க, எவ்வளவு வேணும்னாலும்.”

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, மகளுக்குத் தெரியுமா தெரியாதா என்று வழி முழுக்க வாதாடினார்கள். முன்சீட்டுக்காரர் திரும்பி, யாருக்கு எது தெரியாது என்று கேட்டுவிட்டார். வீட்டுப் பிரச்சினை என்று அக்கா சொல்லிச் சமாளித்தார்.

அடுத்த மாதமே வார்டு அக்காவுக்கு வரவேற்பு மேசை கிடைத்தது. டாக்டர் எப்போது வருவார் என்று இப்போது எல்லாரும் முதலில் அவரிடம்தான் கேட்கிறார்கள்.

குறிப்பு எழுதும் கூட்டத்துக்கு டீச்சர் போனாள். ‘கதையிலுள்ள வரிகளைக் காட்டி நிறுவும் வேறு கருத்துக்கும் மதிப்பெண் தரலாம்’ என்று ஒரு வாக்கியம் சேர்க்கக் கேட்டாள். அப்படிச் செய்தால் திருத்தி முடிக்க நாள் கூடும் என்று பாதி அறை எதிர்த்தது. காலையில் ஆரம்பித்த பேச்சு சாப்பாட்டு வேளையைத் தாண்டிப் போனது. அவள் உட்காரவில்லை. கடைசியில் ‘தரலாம்’ என்பதை ‘தர வேண்டும்’ என்று மாற்ற முடியுமா என்றும் கேட்டுவிட்டாள். அது நடக்கவில்லை. ‘தரலாம்’ மட்டும் நின்றது. அடுத்த வருஷம் அந்த ஒரு சொல்லுக்காக மறுபடியும் போவதாக இருக்கிறாள்.

முதல்வர் இப்போது அவளுக்கு இரண்டு வகுப்புகள் கொடுத்திருக்கிறார். பாடத்திட்டத்தில் கதையும் மாறிவிட்டது. இந்தத் தடவை, தொலைந்துபோன மோதிரத்தைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு தங்கை வீட்டில் மூன்று நாள் தங்கிவிடும் ஓர் அக்காவின் கதை. மோதிரம் நிஜமாகவே தொலைந்ததா இல்லையா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஒரு லாரி டிரைவரும் ஒரு சமையல்காரரும் பேச்சுவார்த்தையே நிறுத்தும் நிலைக்கு வந்துவிட்டார்கள். டீச்சர் எந்தக் கட்சி என்று இன்னும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் இன்னும் வரி பாக்கி இருக்கிறது.